களவுபோன சைக்கிளுக்குக் கலியாணம் பேசின கதை

எனக்கு இருபத்தேழு வயசு, நான் ரிட்டயர் ஆகிட்டன். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சு முடியுங்கோ, நான் நிக்கிறன்.

ஆறு வருசம் மெல்பேர்ன் ரோட்டில சைக்கிளில வீடு வீடாச் சாப்பாடு காவித் திரிஞ்சனான். அதில அஞ்சு வருசம் சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் பாத்தனான். எங்கட பெடியளின்ர களவுபோன சைக்கிளுகளைத் தேடிப் பிடிச்சுக் குடுக்கிற வேலை. இப்ப டண்டினோங்கில பாண் சுடுற ஒரு ஃபக்டரியில நிக்கிறன். போன கிழமை, இப்ப எங்கட சைக்கிள் பெடியளின்ர போன் குரூப்பை நடத்திற பெடியன் மெசேஜ் போட்டவன். அண்ணா, இப்ப எல்லாரும் குட்டி ட்ராக்கர் பூட்டுறாங்கள், சைக்கிள் எந்த வீட்டில நிக்குது எண்டு போன் காட்டுது, ஆனா அந்த வீட்டு வாசலில போய் நிண்டு என்ன கதைக்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல எண்டு. ரெண்டு பேர் போய்க் கத்திப்போட்டு வந்தவையாம். சைக்கிள் வரேல்ல. ஒருத்தன்ர காற்சட்டையின்ர பின்பக்கமும் வரேல்ல, அந்த வீட்டில நாய்.

அதால எழுதச் சொல்லிக் கேட்டவன். நான் மன்னாரில எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அப்பாவோட கடலுக்குப் போனவன். எழுத்து அங்க இங்க கோணலா இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் ஒண்டு சொல்லோணும். அந்த வேலையில நான் வெறும் கையும் காலும்தான். தலை என்ர தங்கச்சி ஜெனி. என்னைவிட ரெண்டு வயசு இளையவள், நாலடி பதினொரு இஞ்சி, என்ர பொஸ். பத்து மாசத்துக்கு முன்னால ரத்தப் புற்றுநோயில போயிட்டாள். அவள் போகேக்க ஒரே ஒரு கேஸ் முடியாம இருந்தது. அது அவளின்ர சைக்கிள். அதைத் துலைச்சது நான். அதின்ர முன் சில்லு மட்டும் ஏழு மாசம் எங்கட வீட்டு ஹோலில, சுவாமிப் படத்துக்குக் கீழ சாத்திக் கிடந்தது. அதை எடுத்து வைக்க எனக்கும் மனம் வரேல்ல, அம்மாவுக்கும் வரேல்ல. மிச்சத்தைக் கண்டுபிடிச்ச பிறகுதான் நான் ரிட்டயர் ஆனனான். அந்தக் கதைக்கு வாறன். ஆனா முறையா வரோணும், இல்லாட்டி ஜெனிக்குக் கோவம் வரும்.

நாங்க வேலை பழகின காலம் பெரிசா ஒண்டுமில்லை. எல்லாம் பிழையாச் செய்து பழகினது. அதில ஒரு பிழை மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் அதாலதான் எங்கட முழு முறையும் பிறந்தது.

ஆரம்பத்தில ஜெனி குரூப்பில எழுதினவள், உங்கட சைக்கிளில வேற ஆரிட்டையும் இல்லாத ஒரு அடையாளம் போடுங்கோ, அப்பதான் களவுபோனால் பிடிக்கலாம் எண்டு. எல்லாரும் கேட்டவை. அந்த ஞாயிறு கோயிலில அந்தோனியார் திருநாள். வாசலில அந்தோனியார் ஸ்டிக்கர் சும்மா குடுத்தவை. துலைஞ்ச சாமான் எடுத்துத் தாற புனிதர், சைக்கிளுக்கு இவரை விட்டால் ஆர். வேதக்காரப் பெடியள், சைவப் பெடியள், கிளேட்டனில படிக்கிற தமிழ்நாட்டுப் பெடியள், முப்பது பேரும் ஆளுக்கு ஒண்டு வாங்கி பின் மட்கார்டில ஒட்டினவங்கள். ஒருத்தரிட்டையும் இல்லாத அடையாளம் முப்பது சைக்கிளில.

அடுத்த கிழமை கார்த்தியின்ர கறுப்புச் சைக்கிள் களவு போச்சு. கார்த்தி திருநெல்வேலிப் பெடியன், கிளேட்டனில படிச்சுக்கொண்டு எங்களோட சாப்பாடு காவினவன், என்ர உயிர்க் கூட்டாளி. ரெண்டு நாள் கழிச்சு நான் கோயில் ஹோலுக்குப் பக்கத்தில போறன், கறுப்புச் சைக்கிள், அந்தோனியார் ஸ்டிக்கர், பூட்டும் இல்லை. கள்ளன் எவ்வளவு துணிச்சலா கோயிலடியில விட்டிருக்கிறான் எண்டு நினைச்சு ஏறி ஓடிட்டன். கார்த்தியின்ர வீட்டு வாசலில போய்ப் பெல் அடிச்சு ஆட்டம் போட்டனான். அவன் வந்து சுத்திப் பாத்துட்டு மெல்லச் சொன்னான்: "டேய் நிக்சா, என் வண்டிக்கு கியர் இருந்துச்சுடா."

ஞாயிறு பூசை. கடைசியில ஃபாதர் அறிவித்தல் வாசிக்கிறார். தன்ர சைக்கிள் ஹோலடியில காணாமப் போட்டுதாம், மழையில நடந்து போனவராம், அந்தோனியாரிட்ட எல்லாரும் மன்றாடச் சொன்னவர். ஜெனி எனக்குப் பக்கத்தில இருந்தவள். தலையைத் திருப்பேல்ல, கண்ணை மட்டும் திருப்பினவள். தோள் ரெண்டும் குலுங்குது. அம்மா அவள் பக்தியில அழுகிறாள் எண்டு நினைச்சு முதுகைத் தடவிவிட்டவ.

பூசை முடிஞ்சு ஒரு மணித்தியாலத்தில சைக்கிளைக் கொண்டு போய் ஃபாதரின்ர வீட்டு வாசலில குடுத்தனாங்கள். உண்மையைச் சொன்னனான், ஜெனி சொல்லவைச்சவள். ஃபாதர் ஸ்டிக்கரைத் தடவிப் பாத்துட்டு, "அந்தோனியார் கெதியாத்தான் வேலை செய்தவர், கொஞ்சம் சுத்தி வந்திட்டார்" எண்டவர்.

வீட்டை வந்த உடன ஜெனி ஸ்டிக்கர் முறையை நிப்பாட்டினாள். அதுக்குப் பதிலா வந்ததுதான் ஸ்ட்ரோ.

இதைக் கவனமா வாசியுங்கோ பெடியள், ட்ராக்கரின்ர பட்டரி சாகும், ஸ்ட்ரோ சாகாது. பபிள் டீ குடிக்கிற தடிச்ச ஸ்ட்ரோ எடுக்கிறது. சின்னப் பேப்பரில சொந்தக்காரன்ர பேர், போன் நம்பர், கீழ ஒரு வசனம். சுருட்டி உள்ளுக்கு விட்டு, ஸ்ட்ரோவின்ர ரெண்டு முனையையும் மெழுகுதிரியில காட்டி நசுக்கி ஒட்டுறது. ஒரு முனையில தூண்டில் நூல். சைக்கிளின்ர சீற்றைத் தண்டோட உருவி எடுத்து, அந்தக் குழாய்க்குள்ள ஸ்ட்ரோவை இறக்கி, நூலைத் தண்டில சுத்திப்போட்டுத் திரும்பச் செருகிறது. கள்ளன் பெயின்ற் அடிச்சாலும், நம்பரைச் சுரண்டினாலும், சீற்றுக்குக் கீழ குழாய்க்குள்ள உங்கட பேர் குந்திக்கொண்டு இருக்கும். எழுதிறது எல்லாம் ஜெனிதான். முத்து முத்தான எழுத்து. நான் மெழுகுதிரி பிடிக்கிறவன்.

சைக்கிள் போனால் முதல் பொலிசில ரிப்போர்ட். ரிப்போர்ட் நம்பர் இல்லாமக் கோல் எடுத்தால் ஜெனி "நம்பர்?" எண்டு மட்டும் கேட்டு வைச்சிடுவாள். பிறகு பழைய சாமான் விக்கிற பக்கங்களை ஒவ்வொரு நாளும் பாக்கிறது. விக்கிறவன் கள்ளன் மாதிரி இருந்தால் நாங்கள் கிட்டவும் போறதில்லை, படத்தைப் பொலிசுக்கு அனுப்பிறதோட சரி. ஆனா எங்கட கேசுகளில முக்கால்வாசியில சைக்கிள் கள்ளனிட்ட இருக்கிறதில்லை. தெரியாம வாங்கின ஒரு பாவப்பட்ட மனிசரிட்டத்தான் இருக்கும். அங்கதான் ஜெனியின்ர மூளை.

நான் கேட்டனான், சட்டப்படி சைக்கிள் எங்கடதானே, பொலிசோட போய் எடுப்பமே எண்டு. அவள் சொன்னாள், எடுக்கலாம், ஆனா வாங்கினவர் கள்ளன் இல்லை, எங்கட பெடியன் நேற்று நடந்த மாதிரி நாளைக்கு அவர் நடப்பார், ஒரு ஆள் நடந்துகொண்டே இருக்கிறதெண்டால் நாங்கள் என்னத்தை மீட்டது எண்டு.

அதுக்கு அவள் கண்டுபிடிச்ச வழி, மாத்துச் சைக்கிள். இந்த ஊரில சனம் ஹார்ட் ரப்பிஷ் எண்டு சொல்லி, வேண்டாத சாமானுகளைக் கவுன்சில் அள்ளிக்கொண்டு போக வீட்டு முன்னால புல்லில வைக்கும். அதில எவ்வளவு சைக்கிள் எண்டு நினைக்கிறீங்கள். நல்ல சைக்கிள், காத்து மட்டும் போயிருக்கும். அதுகளைப் பொறுக்கி வந்து நோபிள் பார்க்கில எங்கட வீட்டுக் கராஜில திருத்தி, கழுவி, எண்ணெய் விட்டு வைச்சிருப்பம். எந்த நேரமும் பத்துப் பன்னிரண்டு நிக்கும். அதில ஒண்டைக் கொண்டு போய் வாங்கினவருக்குக் குடுத்து, எங்கட சைக்கிளை வாங்கிக்கொண்டு வாறது. எல்லாருக்கும் சைக்கிள். ஒருத்தரும் நடக்கத் தேவையில்லை.

ஆனா எதையாவது குடுக்கேலாது. பொருத்தம் பாக்கோணும். அதாலதான் அவள் அதைக் கலியாணம் பேசுறது எண்டு சொல்லுறவள். கராஜில நிக்கிறதெல்லாம் குமர்ப்பிள்ளையள், ஒவ்வொண்டையும் நல்ல இடத்தில கட்டிக் குடுக்கோணும். வெளிக்கிடேக்க அம்மாவிட்ட "சம்பந்தம் பேசப் போட்டு வாறம்" எண்டுதான் சொல்லுவாள். அம்மா உடன, "உனக்குப் பேச விடாமச் சைக்கிளுக்குப் பேசித் திரி" எண்டு குசினிக்குள்ள இருந்து தொடங்குவா. அம்மாட்ட அப்பவே ஜெனிக்கு ரெண்டு மூண்டு பெடியளின்ர படம் இருந்தது. ஜெனி படத்தைப் பாத்துட்டு, "இவருக்கு பிரேக் சரியில்லை" எண்டு திருப்பிக் குடுத்திடுவாள்.

கலியாணம் பேசேக்க அவளின்ர மூண்டு கேள்வி. உங்கட உயரம் என்ன? எங்க ஓடுறனீங்கள்? அதில என்ன கொண்டு போறனீங்கள்? அவ்வளவுதான். களவு எண்ட சொல்லை முதல் பத்து நிமிசம் வாயில எடுக்கமாட்டாள். குடிக்கத் தந்தால் குடிக்கோணும், கதிரை தந்தால் இருக்கோணும். கொண்டு போன சைக்கிளை அவையை ஓட விட்டு, அவைக்குப் பழசைவிட இது நல்லாப் பிடிச்சால்தான் மாத்திறது. முகம் வாடிக் குடுத்தால் வாங்கமாட்டாள். வேற சைக்கிளோட திரும்ப வருவம். ஒரு அன்ரியிட்ட நாலு தரம் போனனாங்கள். நாலாம் தரம் அன்ரி எங்களுக்குக் கேக் செய்து வைச்சிருந்தவ.

கார்த்தியின்ர சைக்கிளை எடுத்ததைச் சொல்லாம விடேலாது. அது டண்டினோங் பக்கம் ஒரு வெள்ளைக்காரனிட்ட இருந்தது. கொங்கிறீட் வேலை செய்யிற ஆள், ஆறடி நாலு இஞ்சி, நெஞ்சு வரைக்கும் தாடி. கார்த்தியோ என்ர தோளுக்கு வருவான். அந்தச் சைக்கிளில அவர் ஏறினால் சர்க்கஸில கரடி ஓடுற மாதிரி. நான் பயத்தில ரோட்டுக்கு அங்கால நிண்டனான், கார்த்தி எனக்குப் பின்னால நிண்டவன். ஜெனி நேர போய் அவரை அண்ணாந்து பாத்து ஹலோ சொல்லிப்போட்டுக் கேட்டாளே ஒரு கேள்வி: உங்கட முழங்கால் தாடிக்குள்ள போய் நாடியில இடிக்கிறதில்லையோ எண்டு.

மனிசன் அப்பிடியே வாசல்படியில இருந்திட்டார். இடிக்குதாம். மூண்டு மாசமா இடிக்குதாம். டொக்டரிட்டையும் போனவராம். டொக்டர் வயசு எண்டு சொன்னவராம். ஜெனி அவருக்குக் கராஜில நிண்ட ஒட்டகம் மாதிரி உயரமான ஒரு சைக்கிளைக் கொண்டு போயிருந்தவள். ஏறி ரோட்டு முனை மட்டும் ஓடிட்டு வந்தார், முகம் சின்னப்பிள்ளை மாதிரி. அதுக்குப் பிறகுதான் ஜெனி மட்கார்டில இருந்த அந்தோனியாரைக் காட்டி, கார்த்தியின்ர பொலிஸ் ரிப்போர்ட்டை நீட்டினாள். பேப்பரை வாசிச்சுட்டு ரோட்டுக்கு அங்கால நிண்ட கார்த்தியைத் தேடிப் போய்க் கட்டிப்பிடிச்சார். கார்த்தியின்ர கால் ரெண்டும் நிலத்தில இல்லை. அந்தப் பிடியில இருந்து என்னைப் பாத்து, "நிக்சா, இது சந்தோசமா, கொலையாடா?" எண்டு கேட்டவன்.

திரும்பி வரேக்க மூண்டு பேரும் ரெயினில சிரிச்ச சிரிப்பில ஒரு மனிசி எழும்பி அடுத்த பெட்டிக்குப் போயிட்டா.

இனி ஜெனியின்ர சைக்கிள்.

அது பிறந்த இடம் த பேசின் எண்ட மலையடி ஊர். கார்த்தியின்ர கூட்டாளி ஒருத்தன் காரில பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். ஜெனி வந்தது கோயில் பொங்கல் தின்ன, அதை அவள் மறைக்கவும் இல்லை. திரும்பி வாற வழியில ஒரு வீட்டுப் புல்லில, உடைஞ்ச கட்டிலுக்குக் கீழ, ஒரு குள்ளச் சைக்கிள். நிப்பாட்டச் சொல்லி இறங்கி அதுக்குப் பக்கத்தில நிண்டு பாத்தாள். அவளுக்கெண்டே அளவெடுத்த மாதிரி. கார் டிக்கி மூடாம, கயிறு கட்டிக்கொண்டு வந்தம். அப்பா வேலிக்கு அடிச்ச மிச்சப் பச்சைப் பெயின்ற்றை அதுக்கு அடிச்சாள். தேய்ஞ்ச பிரஷ், மயிர் கொட்டிக் கொட்டிப் பெயின்ற்றில ஒட்டிட்டுது. சீற்றுக்குக் கீழ தடவினால் பூனையைத் தடவின மாதிரிக் குத்தும். முன்னுக்கு ஒரு கூடை. அந்தச் சைக்கிளில அவள் வந்தால் முதல் தெரியிறது கூடை, பிறகு ஹெல்மெற், பிறகுதான் ஜெனி.

அவள் ஆஸ்பத்திரியில படுத்த உடன, சைக்கிளைச் சும்மா நிப்பாட்டாம ஓடு அண்ணா, செயின் இறுகிப்போகும் எண்டவள். நானும் முழங்கால் நாடியில இடிக்க இடிக்க அதிலதான் அவளைப் பாக்கப் போறனான். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் கூட எண்டு அம்மா கோல் எடுத்தவ. ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில சைக்கிளை விட்டுப் பூட்டினனான். எங்க பூட்டினனான்? முன் சில்லில மட்டும். அஞ்சு வருசமா ஊருக்கெல்லாம் சொன்னது, சில்லில பூட்டாதேங்கோ, ஃப்ரேமில பூட்டுங்கோ எண்டு. திரும்பி வந்து பாக்கிறன், கம்பியில சில்லு மட்டும் பூட்டினபடி நிக்குது. சைக்கிள் போட்டுது.

பூட்டைத் திறந்து சில்லைத் தூக்கிக்கொண்டு திரும்ப மேல போனனான். ஏன் போனனான் எண்டு இண்டைக்கும் தெரியாது. வாசலில இருந்த நேர்ஸ் சில்லைப் பாத்தா, நான் "ஸ்பேர்" எண்டனான். ஜெனியின்ர ரூமில திரைச்சீலைக்குப் பின்னால சாத்தி வைச்சிட்டு, கதிரையில இருந்து, ஒண்டும் நடக்காத மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு காய்ச்சல் எப்பிடி எண்டு கேக்கிறன். சில்லு மெல்ல வெளிக்கிட்டுது. திரைச்சீலைக்குக் கீழால உருண்டு, என்னைத் தாண்டி, கட்டிலின்ர கால்மாட்டைத் தாண்டி, சுவருக்குக் கிட்டப் போய் ரெண்டு சுத்துச் சுத்தி டிங் எண்டு விழுந்தது.

ஜெனி சில்லைப் பாத்தாள். என்னைப் பாத்தாள்.

"மிச்சம் எங்க?"

அவளுக்கு முதல் உதடு துடிச்சுது, பிறகு சிரிப்பு. தலையில மயிர் இல்லை, கையில ரெண்டு ஊசி, கட்டில் ஆடுது அவள் சிரிக்கிற சிரிப்பில. மெசின் கத்தத் தொடங்கிட்டுது. நேர்ஸ் ஓடி வந்து பாத்தா நிலத்தில சைக்கிள் சில்லு, ரெண்டு பேர் கண்ணீர் வரச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறம். அதுதான் அவள் கடைசியா அப்பிடிச் சிரிச்சது. பிறகும் சிரிச்சவள், ஆனா அப்பிடி இல்லை.

மூச்சு வந்த உடன முதல் கேட்டது, "ரிப்போர்ட் நம்பர்?"

அண்டையில இருந்து அந்தக் கேஸை அவள் கட்டிலில இருந்துதான் நடத்தினவள். எந்தச் சந்தையில பாக்கோணும், எந்தப் பக்கத்தில தேடோணும், எல்லாம் குரூப்பில வரும். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் படத்துக்கு நடுவில கட்டளை வரும். எங்கட முப்பது பேரும் சாப்பாடு காவேக்க காணுற சைக்கிளை எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்துப் பிந்திப்போய் வாங்கின பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. நான் எந்த நாளும் சொல்லுவன், எடுத்துத் தருவன், நீ வீட்டை வாறதுக்குள்ள வாசலில நிக்கும் எண்டு. அவள் ஒரு நாள் சொன்னாள்:

"கிடைச்சால் கோவத்தோட போகாத அண்ணா. என்ர சைக்கிள் எண்டதுக்காக முறை மாறாது. மூண்டு கேள்வியும் கேட்டிட்டுத்தான் கை வைக்கோணும்."

நான் ஓம் எண்டனான். அவள் வீட்டை வரேல்ல. அதைப் பற்றி நான் இதில எழுதேல்ல. எழுதத் தெரியாது. கல்லறையில முப்பது சைக்கிள் வரிசையா நிண்டது, அது மட்டும் சொல்லுறன். ஒருத்தரும் சில்லில பூட்டேல்ல.

அதுக்குப் பிறகு நான் சாப்பாடு காவுறதையும் விட்டுட்டன். பாண் ஃபக்டரி. கராஜைத் திறக்கேல்ல. சில்லு சுவாமிப் படத்துக்குக் கீழ கிடந்தது, அம்மா ஒவ்வொரு நாளும் அதைத் துடைச்சு வைப்பா. தன்ர செபமாலையையும் அதின்ர கம்பியிலதான் கொழுவி வைப்பா. நான் அந்தச் சைக்கிளைத் தேடாத நாளில்லை. எனக்குச் சைக்கிள் வேணும். அதுக்குள்ள அவளின்ர கையால எழுதின ஸ்ட்ரோ இருக்கு. தனக்கு என்ன எழுதினவள் எண்டு அவள் எனக்குக் காட்டவே இல்லை.

ஏழு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை கார்த்தி கோல் எடுத்தான். ஸ்பிரிங்வேல் மார்க்கெட்டில நிக்கிறானாம்.

"டேய், ஜெனி வண்டியைப் பாத்தேன்டா. நான் சும்மா சொல்லல, அந்தப் பச்சை வேற எங்கயும் கிடையாது. ஒரு வியட்நாம் பாட்டி ஓட்டிட்டுப் போறாங்க. முன்னாடி சக்கரம் மட்டும் வேற."

பாட்டிக்குப் பின்னால மெல்லப் போய் வீட்டைப் பாத்துட்டு வந்தவன். அண்டிரவு முழுக்க எனக்குக் கோவம் வந்தது, போனது, வந்தது. விடிஞ்ச உடன கராஜைத் திறந்தன். இருந்ததிலயே நல்ல சைக்கிளை எடுத்தன், சிவப்பு, ஏழு கியர், புதுச் சீற். ரெண்டு மணித்தியாலம் துடைச்சன். ஜெனியின்ர முன் சில்லையும் முதுகில கட்டிக்கொண்டு, ரெயினில ரெண்டு ஸ்டேசன், ஸ்பிரிங்வேலில இறங்கினன்.

மனிசியின்ர பேர் மிஸிஸ் லான். எழுபதுக்குக் கிட்ட இருக்கும், பெரிய தொப்பி. கேற்றுக்கு உள்ளுக்குப் பச்சைச் சைக்கிள் நிக்குது. அவவுக்கும் எனக்கும் இங்கிலிஸ் ஒரே அளவு, அதால நல்லா விளங்கினது. நான் களவு எண்ட சொல்லை எடுக்கேல்ல. சைக்கிள் வடிவா இருக்கு எண்டனான். அவவுக்கு முகமெல்லாம் பல்லு. ஒரு கதிரை கொண்டு வந்து தந்தா. நான் இருந்தன். தேத்தண்ணி தந்தா. நான் குடிச்சன்.

பிறகு கேட்டன். உங்கட உயரம் என்ன? எழும்பிச் சுவரோட நிண்டு கையை உச்சியில வைச்சுக் காட்டினா. எனக்கு அந்த உயரம் தெரியும். எங்கட வீட்டுக் கதவில அதே உயரத்தில பென்சில் கோடு இருக்கு.

எங்க ஓடுறனீங்கள்? ரெயில் பாதைக்குப் பக்கத்தால போற வழியைக் காட்டினா. அந்தப் பக்கம் முதியோர் இல்லமாம், புருசன் அங்க இருக்கிறாராம், பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்திட்டுதாம். ஒவ்வொரு நாளும் போறவவாம்.

என்ன கொண்டு போறனீங்கள்? உள்ளுக்குப் போய் ஒரு சூப் சட்டி கொண்டு வந்தா, மூடிக்கு மேல துணி கட்டினது. கொண்டு வந்து ஜெனியின்ர கூடைக்குள்ள இறக்கினா. ஒரு பக்கமும் ஆடாம அப்பிடியே இருந்தது, அளவெடுத்த மாதிரி.

எண்டாலும் நான் முறையை விடேல்ல. சிவப்புச் சைக்கிளைக் குடுத்து ஓடிப் பாக்கச் சொன்னன். ஏறேலாமல் ஏறினா. கால் நிலத்தில முட்டேல்ல. அடுத்த வீட்டு மதில் வரைக்கும் போய் அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. திரும்பி உருட்டிக்கொண்டு வந்து மரியாதையா என்ர கையில தந்திட்டு, பச்சைச் சைக்கிளின்ர சீற்றை ரெண்டு தரம் தட்டினா, மாட்டைத் தட்டுற மாதிரி.

எனக்கு விளங்கிட்டுது. கராஜில நிண்ட எந்தச் சைக்கிளைக் கொண்டு வந்தாலும், நாலு தரம் வந்தாலும், நாற்பது தரம் வந்தாலும், பொருத்தம் ஒண்டுதான்.

பிறகு உண்மையைச் சொன்னன். இது என்ர தங்கச்சியின்ர, ஆஸ்பத்திரியில களவு போனது எண்டு சொன்னன். அவ கையை வாயில வைச்சா. உடன சட்டியைக் கூடைக்குள்ள இருந்து எடுத்துக் கீழ வைச்சிட்டுச் சைக்கிளை என்ர பக்கம் தள்ளினா. முகம் வாடிப்போச்சு. நான் திருப்பித் தள்ளினன். அவ தள்ளினா. நான் தள்ளினன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அதையே செய்துகொண்டு நிண்டம்.

"தங்கச்சி எங்க?" எண்டு கேட்டா. நான் மேல காட்டினன். அவ தள்ளுறதை நிப்பாட்டினா.

ஒரு சாமான் மட்டும் எடுக்கோணும் எண்டு சொல்லி சீற்றை உருவினன். நூல் இருந்தது. ஸ்ட்ரோ இருந்தது. பல்லால கடிச்சுத் திறந்தன். முத்து முத்தான எழுத்து. அவளின்ர பேர், கீழ என்ர நம்பர். அதுக்குக் கீழ:

"இந்தச் சைக்கிள் காணாமப் போயிருந்தால் அண்ணாட்டச் சொல்லுங்கோ. அவன்தான் ஒழுங்காப் பூட்டாம விட்டிருப்பான்."

த பேசினில இருந்து கொண்டு வந்த கிழமை எழுதினது. மூண்டு வருசத்துக்கு முன்னால. எனக்கு வந்த சிரிப்பில கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்திட்டன். சிரிப்பா மற்றதா எண்டு தெரியேல்ல, ரெண்டும் ஒரே வழியாலதான் வந்தது. மிஸிஸ் லான் என்ன எண்டு விளங்காமலே தானும் சிரிச்சா, பிறகு தானும் அழுதா, பிறகு இன்னொரு தேத்தண்ணி கொண்டு வந்தா.

அந்த வேற சில்லைக் கழட்டி, ஜெனியின்ர சில்லைப் பூட்டினன். பிரேக்கை இறுக்கினன். செயினுக்கு எண்ணெய் விட்டன். புது ஸ்ட்ரோ கொண்டு போயிருந்தனான். பேப்பரில அவ தன்ர பேரைத் தானே எழுதினா. போன் நம்பருக்கு நான் என்ர நம்பரை எழுதினன், என்ர கோணல் எழுத்தில. வேற ஆர் தேடுறது. மெழுகுதிரிக்கு அவ சாமி மேடையில இருந்து ஒண்டு எடுத்துத் தந்தா. பூட்டை எடுத்து, ஃப்ரேமையும் சில்லையும் சேத்து எப்பிடிப் பூட்டுறது எண்டு மூண்டு தரம் காட்டினன். மூண்டாம் தரம் அவ என்னைத் தள்ளிப்போட்டுத் தானே பூட்டிக் காட்டினா.

வீட்டை வந்தன், சிவப்புச் சைக்கிளோட, மற்றச் சில்லு முதுகில. அம்மா குசினியில இருந்து வந்து சில்லைப் பாத்தா.

"இது வேற சில்லெல்லோ? எங்கட எங்க?"

"அது சைக்கிளோடதான் இருக்கு அம்மா. கட்டிக் குடுத்திட்டன்."

அம்மா சுவாமிப் படத்துக்குக் கீழ வெறுமையா இருந்த இடத்தைப் பாத்தா. நான் நினைச்சன் பிழை விட்டிட்டன் எண்டு. பிறகு கதிரையை இழுத்து இருந்து, சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சு, சம்பந்தம் பேசுற தாய்மார் கேக்கிற அதே குரலில கேட்டா:

"ஆக்கள் எப்பிடி?"

"நல்ல ஆக்கள் அம்மா. கதிரை தந்தவை."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு ஸ்டேசன்."

"கிட்டத்தானே," எண்டா அம்மா. "அப்ப போய்ப் பாத்துப் போட்டு வரலாம்."